அவர் இருக்கும்போது பேசாத ரேடியோ

மீட்டர்காரர் வீட்டில் இருக்கும் வரையில் அவருடைய ரேடியோவுக்குள் மின்சாரம் நுழையாது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் போல இச்செய்தியும் அந்தத் தெருவில் எல்லாரும் அறிந்த ஒன்றாக இருந்தது. ரேடியோ பழுதுபார்ப்பது அவர் தொழில். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் மின்சாரம் அளக்கும் மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் செருகிக்கொண்டு நடப்பார். ஆதலால் அவருக்கு அப்பெயர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட, "எதுல குறையுதுன்னு பாத்துடலாம்" என்று ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியே சுவைத்துப் பார்ப்பவர். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை முழுவதற்கும் வைத்துக்கொண்டிருந்த ஒரே ஒழுங்கு.

ஒரு பெரும்புயலுக்குப் பின் சரக்குக் கப்பல்கள் பல திரும்பவில்லை. அவற்றுள் ஒன்றின் எந்திர அறையில் அவருடைய ஒரே மகன் வேலை பார்த்துவந்தான். நாள்தோறும் மாலைச் செய்திக்குப் பின் வானொலியில் உயிரோடு கரையேறியவர்களின் பெயர்கள் முதலிலும், உடலாய்க் கரையொதுங்கியவர்களின் பெயர்கள் அடுத்தும் வாசிக்கப்பட்டன. கைப்பிடி வைத்த அந்தச் சிறிய ரேடியோ பேட்டரிக் கட்டையிலும் ஓடும், சுவர் மின்சாரத்திலும் ஓடும். துறைமுகம் மூடிக் கிடந்தமையால் கடைகளில் கட்டைகள் தீர்ந்துபோயின. கடைசிக் கட்டைகளும் உயிர்விட்ட அன்று அவருடைய மனைவி ஒயரைச் சுவரில் செருகினாள். ரேடியோ வாய் திறக்கவில்லை.

எதிர்வீட்டுத் தையற்காரர் இரக்கப்பட்டு, "எங்க வீட்டு ரேடியோவுல வந்து கேளுங்களேன் அக்கா" என்றார்.

"என் பிள்ளை பேரை அடுத்தவங்க வீட்டுக் கூடத்துல நின்னு கேக்க மாட்டேன் தம்பி" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீட்டர்காரர் ரேடியோவின் கூட்டைத் திறந்தார். சுவரில் மின்சாரம் இருந்தது, ஒயர் அறுந்திருக்கவில்லை, பியூஸ் எரியவில்லை. டிரான்ஸ்பார்மரின் முதல் கம்பிச்சுற்று வரையில் ஒழுங்காக வந்த மின்சாரம் இரண்டாம் சுற்றில் ஏறவில்லை. பழுது பிடிபட்டது என்று மகிழ்ந்து புதிய டிரான்ஸ்பார்மரைப் போட்டார். அதிலும் மீட்டரின் முள் அசையவில்லை. பிறகு டையோடுகளை மாற்றினார், உப்பிப்போயிருந்த கண்டன்சரை மாற்றினார், கட்டைக்கும் சுவர் மின்சாரத்துக்கும் இடையே மாறிக்கொள்ளும் சிறு தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்தார். வெளிக்கூடும் கைப்பிடியும் தவிர மற்றவை யாவும் புதியவை ஆயின. ரேடியோ பழைய மௌனத்தையே தொடர்ந்தது. மாலைதோறும் பெயர்கள் வாசிக்கப்படும் வேளையில் மனைவி அவருக்குப் பின்னால் வந்து நிற்பாள். வேளை கடந்ததும் அடுப்பங்கரைக்குத் திரும்புவாள்.

ஒரு நாள் பற்றவைக்க ஈயம் வாங்குவதற்காக அவர் அடுத்த தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது மனைவி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க படி இறங்கினதும் பேசிச்சு. படி ஏறினதும் நின்னுடுச்சு."

"கனெக்‌ஷன் லூஸா இருக்கும்."

"லூஸு கனெக்‌ஷனுக்கு உங்க செருப்புச் சத்தம் அடையாளம் தெரியுமோ?"

அவர் மீட்டரை அவள் கையில் கொடுத்து, முனைகளை இரண்டாம் சுற்றில் வைக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே போய் நின்றார். முள் ஏறியது. உள்ளே வந்தார், முள் படுத்துக்கொண்டது. பலமுறை போய் வந்தும் அதுவே நிகழ்ந்தது.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தீங்க. உங்களை மட்டுந்தான் மாத்தலை" என்றாள் மனைவி.

அது உண்மையே. செய்த சோதனைகள் அனைத்திலும் சோதித்தவர் உடனிருந்தார். அவர் ஈயச்சுருளை விரலில் சுற்றினார். பிறகு, "பேர் வாசிக்காத வரைக்கும் அவன் கடல்லதான் இருக்கான்" என்றார்.

"உங்களுக்கு அது போதும். எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம இருக்கறது என்னைக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுது."

அவர் கழற்றிய செருப்பை மீண்டும் மாட்டிக்கொண்டார்.

அன்றுமுதல் மாலைச் செய்தி தொடங்குமுன் அவர் வீட்டை விட்டு வெளியேறிவிடுவது வழக்கமாயிற்று. "என்ன அண்ணே, ரேடியோ துரத்திடுச்சா?" என்று தையற்காரர் கேட்பார். "அதுக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே மீட்டர்காரர் தெருக்கோடி வரையில் நடப்பார். அவருடைய அச்சம் முதிர முதிர, நடக்க வேண்டிய தொலைவும் வளர்ந்தது. முதல் ஆண்டில் வாசற்படி போதுமானதாக இருந்தது, பின்னர்த் தெருக்கோடி, அதன்பின் மூடிக் கிடந்த துறைமுகத்தின் இரும்புக் கதவு. மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார். திரும்பி வரும்போது மனைவி ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு வாசலில் நிற்பாள். "இன்னிக்கும் இல்லை" என்பாள். இருவரும் சாப்பிட உட்காருவார்கள். துறைமுகம் திறந்தது; கட்டைகள் கடைக்கு வந்தன. ஆயினும் கட்டை வாங்கும் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. இருவர் தலையும் நரைத்தது. வாசிக்கப்படும் பெயர்கள் குறைந்துகொண்டே வந்து, சில நாள்களில் ஒன்றிரண்டாயின.

மேகம் கவிந்த ஒரு மாலையில் அவர் திரும்பியபோது வாசலில் மனைவி இல்லை. தையற்காரர் தம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். வழக்கமான கேலியைச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ரேடியோவின் குரல் கேட்டது. தாம் சீக்கிரம் வந்துவிட்டதாகவும் அது இப்போதே நின்றுவிடும் என்றும் எண்ணி அவர் தெருவிலேயே நின்றார். பெயர்கள் ஏற்கெனவே வாசித்து முடிந்து, காற்றின் வேகமும் கடலின் நிலையும் கூறப்பட்டுக்கொண்டிருந்தன. மனைவி அதை நிறுத்தவில்லை.

அவர் படியேறினார். ரேடியோ பேசியது. வாசலைக் கடந்தார். பேசியது. அருகிற் சென்று கூட்டின்மேல் கையை வைத்தார். உள்ளே டிரான்ஸ்பார்மர் சூடாக, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. கடல் அமைதியாக இருக்கும் என்று குரல் கூறியது. மனைவி சுவரிற் சாய்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள்.

மகன் பெயர் வந்தது முதலில் வாசித்த பட்டியலிலா, அடுத்து வாசித்ததிலா என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த இரண்டு முனைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். செருப்பைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கினார். பின்பு அவளுக்கு அருகில் தரையில் உட்கார்ந்தார்.

"இனிமே சாயங்காலத்துல நான் வெளிய போகலை" என்றார்.