மண் பூசிய வெடிப்பின் இரண்டு படங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் விழுந்த வெடிப்பை மண் போட்டு மூடியவள் நான். ‘நான்’ என்றே எழுதப் பார்த்தேன். மூன்று நாள் பேனா நகரவில்லை. அதனால் அவளுக்கு விஜயகலா என்று பெயர் வைக்கிறேன். புளத்கொகுபிட்டியப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். நாற்பது வயது தாண்டி எழுதப் படிக்கக் கற்றவள். இப்போது அவள்மேல் கோபப்பட எனக்கு வசதியாக இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை விட்ட காலையில் மலை பச்சைப்பசேலென்று—’

(வேண்டாம். அதன் அடியில் பன்னிரண்டு குடும்பம் பயந்து கிடக்கிறது.)

கடிதத்தில் தொடங்குகிறேன். விஜயகலா எழுதிப் போட்ட மனுவுக்கு மண்சரிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: வெடிப்பின் தெளிவான படம் ஒன்றை அனுப்பவும். அதைப் பார்த்த பிறகுதான் ஆள் வருவார்களா, மாட்டார்களா என்பது.

வெடிப்பு நாற்பது அடி. முழுசாக விழ வேண்டுமானால் எதிர் மலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கல்யாணப் படம் எடுக்கும் ஸ்ரீதரன் தன் சின்னக் கமராவில், அதோடு வந்த சாதாரண லென்ஸில் எடுத்தான். பெருசாக்கினால் ஒரு கலங்கிய கறுப்புக் கோடு.

“ஆட்டுப் பாதைன்னு சொல்லிருவாங்க அக்கா,” என்றான்.

3

வரக்காப்பொலையில் கமராக் கடை வைத்திருக்கும் பயாஸிடம் விலை உயர்ந்த லென்ஸ் ஒன்று ஒருநாள் வாடகைக்குக் கிடைத்தது. விஜயகலாவும் கூடப் போனாள்.

“தம்பி, ஒன்ட கமராட சென்சர் பெருவிரல் நகமளவு. அதுக்கு இந்த லென்ஸா? ஆட்டோவுக்கு லொறி எஞ்சின் பூட்டப் போறியா?”

“சின்னதுல விழுற படத்தக் கூடுதலாப் பெருசாக்கணும்ல பயாஸ் நானா? கண்ணாடி மோசம்னா கலங்கலும் சேர்ந்து பெருசாகும். சின்ன சென்சருக்குத்தான் நல்ல கண்ணாடி வேணும்.”

“சரி, கொண்டு போ. கீழ போட்டா ஆயுசுக்கும் என்ட கடையக் கூட்டணும்.”

விஜயகலா கேட்டாள்: “இதுல எல்லாம் விழுமா தம்பி?”

“எல்லாமே விழும் அக்கா. ஒங்க கூரையில எத்தன ஆணின்னு எண்ணலாம்.”

(கதை கெட்டது இந்த வரியில்.)

4

அவள் இதை லயத்தில் போய்ச் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் துடைப்பங்கள் கிளம்பின. பெரிய ஆட்கள் வந்தால் சாக்கடைக் கான் கழுவி முற்றம் கூட்டிப் பழகிய சனம்.

“எல்லாம் விழுமாம்டி! மொதல்ல அந்தக் கிழிஞ்ச பாவாடைய கொடியிலேருந்து எடு. ஆபீசுல மாட்டி வச்சுச் சிரிக்கப் போறாங்க!” என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பாயி கத்தினாள்.

வெடிப்பு நன்றாகத் தெரியட்டும் என்று சுற்றியிருந்த புல்லை வெட்டத்தான் விஜயகலா மேலே போனாள். வெட்டினாள். அது வாயைப் பிளந்து கிடந்தது.

பால் வெட்டும்போது கத்தி ஆழமாய் இறங்கி மரம் காயப்பட்டால், கணக்கப்பிள்ளை வருமுன் மண் பூசி மறைப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் கைக்கு அது பழக்கம். அந்தக் கை மண்ணை அள்ளியது. கருப்பாயியும் நாலு பேரும் மம்பட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மிதித்து, சமன்செய்து, சருகும் தூவினார்கள்.

(ஏன் என்று ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

பத்து மணிக்கு எதிர் மலையில் ஸ்ரீதரன் கமராவின் திரையைப் பெருசாக்கிக்கொண்டே போனான். ஆணிகள் தெரிந்தன. புல்லின் நுனி தெரிந்தது. மலை, கூட்டிய முற்றம்போல் இருந்தது.

“அக்கா… வெடிப்பு எங்க?”

விஜயகலா கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தெளிவான படத்தை அனுப்பினாள். ‘அபாயம் எதுவும் தென்படவில்லை’ என்று பதில் வந்தது.

இரண்டு: “தோண்டிட்டாப் போச்சு,” என்றாள் கருப்பாயி. “புது மம்பட்டி வெட்டும் இதுல பளிச்சுன்னு விழும். நீங்களே வெட்டினதுன்னுவாங்க,” என்றான் ஸ்ரீதரன்.

மூன்று: ‘அன்றைக்குப் பெய்த மழையில்—’

இதை முடிக்க மாட்டேன். லயத்துக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, “காசுக்குத் தகுமா?” என்று பயாஸ் கேட்டார். தகும். எதிரே இருந்ததை அது அப்படியே எடுத்தது.

அதனால் இரண்டு படங்களையும் உங்கள் அலுவலகத்துக்கே அனுப்புகிறேன், இந்தப் பக்கங்களோடு. கலங்கிய படத்தில் வெடிப்பு இருக்கிறது. தெளிவான படத்தில் எங்கள் கைவேலை இருக்கிறது. எதை நம்புவது என்பதை வாசிக்கிற நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் சீக்கிரம்.