பல்லி சொன்ன அளவு

அந்த வெளிநாட்டுக்காரனுக்கு என்ன கிறுக்கோ, 2004இல் வந்த ஆர்டரில் பிள்ளைகள் சட்டையில் அளவுக்கு ஒரு பல்லி இனம் அச்சடிக்கச் சொல்லியிருந்தான். பன்னிரண்டு வயதுச் சட்டையில் மானையே அடித்துத் தின்னும் பத்தடி கொமோடோ டிராகன். பத்தில் உடும்பு, எட்டில் ஓணான், ஆறில் அரணை, நாலில் நம் வீட்டுப் பல்லி. இரண்டில், ஒரு ரூபாய்க் காசின்மேல் சுருண்டு படுத்துவிடக்கூடிய, உலகத்திலேயே குட்டிப் பல்லி. எல்லாம் ஒரே வம்சமாம்.

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் செல்லத்தாய், டேப் பிடித்தால் கால் இஞ்ச் பிசகாது என்று பேரெடுத்தவள். சாத்தூரில் நாத்தனார் வீட்டில் விட்டுவந்த மகள் அபிராமியின் அளவு மட்டும் அவளுக்குத் தெரியாது. விட்டு வரும்போது பிள்ளைக்கு நாலு வயது. அதற்கப்புறம் வந்த மூன்று தீபாவளியையும் ஷிப்மென்ட் தின்றுவிட்டது. லீவு கேட்டால், உன் வேலைக்கு வாசலில் வேறு ஆள் நிற்கிறது என்பார்கள். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். பிள்ளையின் நினைப்பை மட்டும் விட முடியவில்லை.

சரக்கு ஏறிய மறுநாள், சூப்பர்வைசர் நாச்சிமுத்து குறை கண்டு ஒதுக்கிய செகண்ட்ஸ் பெட்டியைத் திறந்து வைத்தார்.

"ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க. ஏனுங்க செல்லத்தாயி, புள்ளைக்கு என்ன வயசாச்சுங்க?"

"ஏழு முடியப்போகுதுண்ணே."

"அப்ப ஓணானை எடுங்க."

எடுத்து விரித்தாள். அவள் கைமடிப்பில் தூங்கிய பிள்ளைக்கு இவ்வளவு பெரிய சட்டையா? மனசு ஒப்பவில்லை. நாலு வயதுப் பல்லிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து நிஜப் பல்லி ஒன்று கத்தியது. அவள் விரல் தானாக மேஜையை மூன்று தட்டு தட்டியது.

"பல்லி சொல்லிருச்சுண்ணே. இதேதான்."

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். அவரிடம் யாராவது வாதாடினால் பதில் சொல்வார், பல்லியோடு எப்படி வாதாடுவது?

சட்டையைப் பார்சலில் அனுப்பினாள். அடுத்த ஞாயிறு பெட்டிக்கடை போனில் கூப்பிட்டாள்.

"சட்டை போட்டுப் பாத்தியா தாயி?"

"தலையே நுழையலம்மா. எதுத்த வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துட்டோம்."

செல்லத்தாய் போனில் இன்னொரு ரூபாய்க் காசைப் போட்டாள்.

"எம்மா, நான் இப்ப வாசக்கதவுக் கொண்டிய எக்காமலே எடுத்துருவேன், தெரியுமா?"

அந்தக் கொண்டியை அவளுக்குத் தெரியும். அவள் பஸ் ஏறிய அன்று, பிள்ளை பின்னால் ஓடி வந்துவிடாமல் இருக்க நாத்தனார் உள்ளே போட்ட கொண்டி. எட்டாமல் எக்கி எக்கிக் கதவைத் தட்டிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை நாச்சிமுத்து முன்னால் போய் நின்றாள்.

"நாலு நாள் லீவு வேணும்ணே. குடுத்தாலும் போவேன், குடுக்காட்டியும் போவேன்."

"அப்பிடி என்னங்க அவசரம்?"

"பிள்ளைக்கு அளவெடுக்கணும்."

கழுத்தில் கிடந்த டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.