கோணல் தடத்துப் பாறை

ரோசபெல்லின் அம்மா பிறந்த ஊரில் எண்பது வருடமாக ஆள் இல்லை. கனடாவில், வான்கூவர் தீவின் மேற்குக் கரை அது. வருடத்துக்கு நானூறு நாள் மழை பெய்யும். முன்னோர் தின்று எறிந்த சிப்பி ஓடுகளைக் கடலில் கொட்டினால் இன்னொரு தீவு எழும்பும், அப்படித் தின்றிருக்கிறார்கள்.

தொல்லியல்காரி டெனீஸ் அங்கே பதினொரு பள்ளங்களுக்குக் கொடி நட்டிருந்தாள். பதினொன்றும் வீடுகள். எது அம்மாவின் வீடு என்று மூன்று கோடையாக ரோசபெல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா விட்டுப்போன துப்பு ஒன்றே ஒன்று. கரைக் கற்களை ஒதுக்கி, வீட்டுக்கொரு தோணித் தடம் போட்டிருந்தார்கள். மற்றவர்களுடையது நேர். இவர்களுடையது கோணல். கொள்ளுத்தாத்தா ஒரு பாறையோடு நாலு நாள் மல்லுக்கட்டி, பாறை ஜெயித்துவிட்டதாம். தோணி திரும்பும்போதெல்லாம் அதில் உரசும். படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தில் அப்பா வந்துவிட்டதை அம்மா தெரிந்துகொள்வாள். ஆறு வயதில், பழங்குடிப் பிள்ளைகளைப் பிடித்துப்போகும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் படகு வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது. தொண்ணூறு வயதில், முதியோர் இல்லத்தில் யார் நாற்காலியை இழுத்தாலும் தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பாள்.

இன்று கடல் வருடத்திலேயே அதிகமாக வற்றியிருந்தது. பதினொரு தடமும் தெரிந்தன. ஏழாவது கோணல், வளைவில் தொந்தி தள்ளிய பாறை.

"பெரியம்மா கதை விடுறாங்கன்னு அறுபது வருஷமா சிரிச்சேனே," என்றான் எர்னி. ரோசபெல்லின் சித்தப்பா மகன், படகோட்டி.

"இப்ப அழு. தண்ணி ஏறினதும் படகை இந்தத் தடத்துல கொண்டா. நான் வீட்டுக்குள்ள இருக்கேன்."

"சரிக்கா."

"பாறையில இடிக்கணும்."

எர்னிக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்பத்தாறு வருடத்தில் அவன் மரப்படகில் ஒரு கொசுகூட உரசியதில்லை. "போன வாரம்தான் பெயின்ட் அடிச்சேன். லேசா தொட்டா போதுமா?"

"எங்க தாத்தா லேசா தொடுற ஆள் இல்ல."

ஏழாம் பள்ளத்தில் காஞ்சொறியை மிதித்து ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். அடுப்பிருந்த இடத்தில் ஒரு மரம், வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

தண்ணீர் ஏறியது. முதல் தடவை படகு பாறையைச் சுற்றி அழகாக நழுவி வந்தது. சத்தமே இல்லை.

"டேய் எர்னி."

"கை கேக்க மாட்டேங்குதுக்கா. பழக்கம்."

இரண்டாம் தடவையும் அதே கதை. பாறையின் உச்சி மட்டும் ஒரு சாண் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல முழுகிடும். அப்புறம் படகு மேலயே போயிடும்," என்றாள் டெனீஸ்.

மூன்றாம் தடவை எர்னி கண்ணை மூடிக்கொண்டான்.

கர்ர்ரக்.

கரையின் காக்கை அத்தனையும் எழும்பின. டெனீஸின் கையிலிருந்து அளவு நாடா விழுந்தது.

"அக்கா, கேட்டுச்சா?"

ரோசபெல் கண்ணை மூடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, படகிலிருந்து இறங்கி வரும் காலடிக்காகக் காத்திருந்தாள்.