நாலு விரலுக்கு மேலே

மாமியார் காலைப் பிடித்துவிடுகிறார் என்றால் வேறொரு மருமகளுக்குத் தலைகால் புரிந்திருக்காது. நிறைமாதப் புஷ்பவள்ளிக்கோ பயம்தான் வந்தது.

வடிவம்மாள் அப்படிப்பட்ட மனுஷி இல்லை. கல்யாணமாகிப் பத்து மாதத்தில் மருமகளுக்கு ஒரு கோப்பிகூடக் கலக்கிக் கொடுத்ததில்லை. பாயான் பாரு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து வருகிறவளுக்கு, சிங்கில் பாத்திரம் கிடக்கிறது என்பதுதான் வரவேற்பு. அப்பேர்ப்பட்டவர் இந்தப் பங்குனிக் கடைசியில், பொழுது சாய்ந்தால் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து காலடியில் உட்கார்ந்துவிடுகிறார். குதிகாலைப் பிடித்துவிடுகிறார், கணுக்காலைச் சுற்றித் தேய்க்கிறார், கடைசியில் உள்பக்கமாகக் கட்டைவிரலை ஊன்றி அமுக்குகிறார். கேட்டால், கால் வீங்கியிருக்கிறதே என்கிறார். வீக்கம் போன மாதமும் இருந்தது, இந்தப் பாசம்தான் அப்போது எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

அவர் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு பகல் வேளையில், பேறுகால லீவில் இருந்த புஷ்பவள்ளியைத் தொழிற்சாலைத் தோழி ரொஸ்னா பார்க்க வந்தாள். ரொஸ்னாவின் பெரியம்மா பாலிக் பூலாவில் பிள்ளைப்பேறு பார்க்கிறவர். மாமியார் இங்கேதான் எங்கோ அமுக்குகிறார் என்று புஷ்பவள்ளி சொன்னதும் ரொஸ்னாவின் சிரிப்பு நின்றுபோனது. கணுக்கால் எலும்புக்கு மேல் நான்கு விரலை அடுக்கி வைத்து, இந்த இடமா என்று கேட்டாள். நாள் தள்ளிப்போய் வலி எடுக்காத பெண்களுக்குத்தான் பெரியம்மா இங்கே அமுக்குவார், அதற்கு முன்னால் இந்தப் பக்கம் கையே வைக்கமாட்டார் என்றாள்.

அவள் போனபிறகு புஷ்பவள்ளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை சித்திரை பிறந்து பத்து நாளில் வரும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தாள். சித்திரையில் பிறக்கும் பிள்ளை தகப்பனுக்கு ஆகாது என்று அந்தக் குடும்பத்தில் பேச்சு. இதற்காகத்தான் புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். புஷ்பவள்ளியும் அக்கரையில் புக்கிட் தெங்காவுக்குப் போயிருக்க வேண்டியவள்தான். தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை, அவளும் போகவில்லை. இப்போது மகன் உயிருக்குப் பயந்து, வயிற்றில் இருப்பதைப் பங்குனிக்குள் வெளியே தள்ளப் பார்க்கிறார் கிழவி. பிள்ளை நாள் நிறைந்து தானாக வரவேண்டும், அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கும் இந்த வீட்டில் வழியில்லையா என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அன்று சாயங்காலமும் கிண்ணம் வந்தது. கட்டைவிரல் பட்டதும் புஷ்பவள்ளி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் அத்தை. சித்திரைக்கு முன்னாடி எம்பிள்ளைய இழுத்துப் போடப் பாக்குறீங்க."

வடிவம்மாள் வீட்டை இரண்டாக்குவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ கதவுப் பக்கம் பார்த்தார்.

"காலை நீட்டு. அவன் பாத்துக்கிட்டு இருக்கான்."

ஹாலில் அவள் கணவன் பழனியப்பன் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருந்தான். படிப்பவன் கண் பேப்பரில் இருக்கவேண்டும்.

மாமியார் காலைத் தன் பக்கம் இழுத்துத் தேய்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். ஆபீஸுக்குப் பக்கத்துச் சீன மருந்துக் கடையில் கேட்டுவந்து, அமுக்க வேண்டிய இடத்தைச் சொல்லிக்கொடுத்தது அவன்தானாம்.

"நீ அமுக்கலன்னா வேற ஆளக் கூட்டியாரேன்னான். அதான் நானே ஒத்துக்கிட்டேன். நாலு விரலுக்கு மேலன்னு சொன்னான். நான் ரெண்டு விரலோட நிறுத்திக்கிறேன்."

புஷ்பவள்ளி குனிய முடியாமல் குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். எண்ணெயில் சிவந்திருந்த இடம் கணுக்காலுக்கு இரண்டே விரல் மேலே இருந்தது. நான்காவது விரலின் பக்கம் ஒரு தடமும் இல்லை.

பழனியப்பனும் சித்திரையில் பிறந்தவன்தானாம். அவன் பிறந்த வருஷமே அவன் அப்பா பெர்ரியிலிருந்து கடலில் விழுந்து செத்துப்போனார். மூக்குமுட்டக் குடித்திருந்தார். சொந்தக்காரர்கள் குடியைச் சொல்லாமல் கைப்பிள்ளையைக் குற்றம் சொன்னார்கள். வடிவம்மாள் மகனிடம் நடந்ததை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவன் நம்புவது அந்த மாதத்தைத்தான்.

 இதைத் தன்னிடம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"மாமியார சந்தேகப்படுறது லேசுலா. புருஷன சந்தேகப்பட்டுக்கிட்டு எப்படிக் குடும்பம் பண்ணுவே?"

 புஷ்பவள்ளி காலை மறுபடி நீட்டினாள். வடிவம்மாளின் கட்டைவிரல் பழைய இடத்தில் வந்து ஊன்றியது.

"கொஞ்சம் முனகு. ரெண்டு நாளா நீ சத்தமே காட்டலன்னு கேட்டான்."

புஷ்பவள்ளி கண்ணை மூடிக்கொண்டு, ஹாலுக்குக் கேட்கும்படி முனகினாள்.

பழனியப்பன் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினான்.