மலைப்பாம்பின் உச்சியில் ஒரு சிவப்புப் போர்வை

தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வங்கிக்காரர்களைத் தவிர அதை யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கு அவர் 'தண்டவாளம்'.

காரணம், ஊர் ஓரத்தில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா. அது திறந்த நாளிலிருந்து அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் பெயிண்ட், வளைவு நெளிவு, உச்சிக்கு ஏறும்போது ஒரு முனகல். அதனால் 'மலைப்பாம்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் மனிதருக்கு நேரம் காலம் கிடையாது. கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையின் கடைசி வரிக்கு இறங்குவதற்குள் பூங்காவின் முதல் வருடச் சரித்திரத்தில் பாதியைக் கேட்டாக வேண்டும். எழுத்து தெரிகிறதோ இல்லையோ, "தெரியுது, தெரியுது" என்று சொல்லித் தப்பித்தவர்கள் இந்தத் தெருவில் இன்றும் தப்பான கண்ணாடியோடு நடமாடுகிறார்கள்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில், பூங்காக்காரர்கள் கழித்துப்போட்ட மலைப்பாம்பின் பழைய இருக்கை. இரண்டு பேர் உட்காரலாம். ஒருமுறை கேஸ் இணைப்பைப் பார்க்க வந்தவர் விஷயம் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். மடியின் மேல் இரும்புக் கம்பி தடால் என்று இறங்கிப் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அதை ஒரு கோணத்தில் நெம்ப அந்த வீட்டம்மாள் வேண்டும். அம்மாள் குளித்துவிட்டு வருவதற்குள், அந்த மனிதர் மலைப்பாம்பின் முதல் இன்ஜினியர் யார் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டார். இப்போதெல்லாம் அவர் வாசலில் நின்றபடியே, "கேஸ் வாசனை வருதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

"ஆரம்பத்துல அந்த ஏரியில நிஜ வாத்து நீந்துச்சு. இப்போ பிளாஸ்டிக் வாத்து, அது வயித்துக்குள்ள பல்பு!" என்பார் தண்டவாளம்.

"அந்த நிஜ வாத்து கடிச்சு நீங்க ஊசி போட்டுக்கிட்டதை மட்டும் ஏன் விட்டுடறீங்க?" என்பார் மனைவி.

"அந்தக் காலத்து வாத்துக்கு ஒரு ரோஷம் இருந்துச்சு."

இப்படிப் பழசை நினைத்து உருகுகிறவர்கள் ஊருக்குள் நிறையவே இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து 'ஆதி அன்பர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். தலைவர் தண்டவாளம். செயலாளர், ஓய்வு பெற்ற தபால்காரர். தலைவர் எழுதிய கட்டுரைகளில் அன்பர்கள் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: முதல் நாள் மலைப்பாம்பின் உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது, இடது பக்கம் திரும்பினால் எங்கள் வீட்டு மொட்டை மாடி, அங்கே அம்மா சிவப்புப் போர்வையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

இதைப் படித்தவுடன் தபால்காரர், "எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு தலைவரே, சிவப்புப் போர்வை!" என்று எழுதினார். பின்னாலேயே ஆளாளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. ஒருவருக்குப் போர்வையில் பூப்போட்டிருந்தது. இன்னொருவருக்கு ஓரம் கிழிந்திருந்தது. அதன்பின் அன்பர்கள் எப்போது மலைப்பாம்பில் ஏறினாலும் உச்சியில் இடது பக்கம் திரும்பிக் கையை ஆட்டுவது வழக்கமாயிற்று. அன்பர் இல்லாதவர்களும் என்ன ஏதென்று தெரியாமல் ஆட்டினார்கள்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. தண்டவாளம் தன் வாழ்நாளில் மலைப்பாம்பில் ஏறியதே இல்லை.

திறப்பு நாளன்று அவர் பொடியன். ஏறும் இடத்தில் ஒரு மரக் குரங்கு கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குத் தலை எட்டினால்தான் உள்ளே விடுவார்கள். இவருக்கு ஒரு விரற்கடை குறைந்தது. அக்காவுக்கு எட்டியது, போனாள். இவர் குரங்கின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா திரும்பி வந்து, தலை கலைந்து, முகம் வெளிறி, மூச்சு வாங்க, ஒன்று விடாமல் சொன்னாள். மாடி, போர்வை, அம்மா, எல்லாம் அக்கா சொன்னதுதான். வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கேட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "ஆட்டினேன், ஆட்டினேன், போய்க் காலைக் கழுவு" என்றாள். அக்காவுக்கு மட்டும் அம்மா கை ஆட்டியதில் அவருக்கு அன்றைக்கு ஏற்பட்ட குறை, அம்மா போய்ச் சேர்ந்து, வீடும் கைமாறிய பிறகும் ஆறவில்லை.

அடுத்தடுத்த வருடங்களில் தலை குரங்கின் கையைத் தாண்டியது. ஆனால் அதற்குள் கால்களுக்கு நடுக்கம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் வந்து நின்று, "நான் பார்க்காத பாம்பா? நீங்க போங்க, பையெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்பார். தெருக்காரர்கள் நாங்களெல்லாம் பையைக் கொடுத்துவிட்டு, என்ன பெருந்தன்மை என்று மெச்சிக்கொண்டு ஏறினோம். கழுத்தில் பத்துப் பைகளோடு கீழே நிற்கும் மனிதர் மேலே போனது எப்போது என்று ஒரு ஆத்மாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தச் செய்தி வந்தது. மலைப்பாம்பு பழசாகிவிட்டது, கழற்றப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம், அன்பர்களுக்கு மட்டும். முதல் இருக்கை தலைவருக்கு. போதாக்குறைக்கு, அவருடைய போர்வைக் கட்டுரையைப் பித்தளைப் பலகையில் பொறித்து அந்த இடத்தில் நிறுத்தப்போகிறார்கள். தபால்காரர் கடைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணாடிக்காரர் சிரித்தார். கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது.

அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலிலேயே ஹாரன் இருக்கும்.

"அக்கா, ஒரு சிக்கல்."

"உடம்புக்கா, உன் பொண்டாட்டிக்கா?"

"மலைப்பாம்புக்கு. கழட்டப்போறாங்க. கடைசி ஓட்டத்துல முதல் சீட் எனக்காம்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"நீதான் அதுல ஏறினதே இல்லையேடா!"

"மெதுவாப் பேசுக்கா."

"நான் என் வீட்டுல இருந்து பேசறேன்டா."

"ஏறலைன்னா மானம் போயிடும். ஏறினா உயிர் போயிடும். என்ன பண்றது?"

"கால் சுளுக்குன்னு சொல்லிடு. எதுக்குடா இந்த வயசுல? மேல போய்ப் பார்க்க அப்படி என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? நம்ம வீட்டு மாடி இருக்குக்கா. அதை ஒரு தடவையாவது பார்க்கணும்னு எனக்கு இருக்காதா?"

இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"சரி, நானும் வர்றேன். பக்கத்துல உட்கார்றேன்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நல்ல கூட்டம். தண்டவாளம் முதல் வேலையாக வரிசையில் நின்றவர்களின் பைகளை வாங்கிக் கழுத்தில் மாட்ட ஆரம்பித்தார். பூங்கா மேனேஜர், சின்னப் பெண், ஓடி வந்தாள். "ஐயோ, நீங்க எதுக்கு சார் தூக்கறீங்க? லாக்கர் இருக்கு!" என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பை போனதும் மனிதர் உடுப்பில்லாமல் நிற்பதுபோல் கூசினார்.

அடுத்தது மரக் குரங்கு. பழைய நினைவுக்காக எல்லோரும் அதன் கையடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் முறை வந்தபோது, அவர் முழங்காலை மெல்ல மடக்கினார். இன்னும் மடக்கினார். தலை குரங்கின் கைக்குக் கீழே போனது.

"எட்டலை பாருங்க. விதின்னா விதிதான்" என்றார், பரிதாபமாக.

மேனேஜர் பெண் கைதட்டினாள். "சார் குழந்தையாவே மாறிட்டாரு பாருங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தி, "நடடா" என்றார்.

முதல் இருக்கையில் அக்காவும் தம்பியும். பின்னால் தபால்காரரும் மற்றவர்களும். கம்பி தடால் என்று மடியில் இறங்கியது. வீட்டில் இதைத் திறக்க மனைவியாவது இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மனைவி கீழே நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.

ஏற்றம் தொடங்கியதும் மலைப்பாம்பு முனகியது, கூடவே தலைவரும் முனகினார். கீழே பூங்கா சுருங்கிக்கொண்டே போயிற்று. பிளாஸ்டிக் வாத்துகள் கடுகாயின. வயிறு எங்கேயோ தொண்டைப் பக்கம் வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடச் சொல்லி உடம்பு முழுவதும் கெஞ்சியது. மூடவில்லை. விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்காத குறையாகத் திறந்தே வைத்திருந்தார். அக்கா பார்த்ததைத் தானும் பார்க்காமல் இறங்குவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

உச்சி. வண்டி ஒரு கணம் நின்றது. அவர் இடது பக்கம் திரும்பினார்.

சுவர்.

சாம்பல் நிறத்தில், ஜன்னல்கூட இல்லாத, அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒரு சுவர். குளிர்பதனக் கிடங்கின் பின்பக்கம். அந்தக் கிடங்கு பூங்காவுக்கு முன்பே கட்டப்பட்டது என்று அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். கீழே நின்று பார்த்தபோதெல்லாம் உச்சி அதைவிட உயரம் என்றுதான் பட்டிருந்தது. ஆக அந்தப் பக்கம் வீடும் தெரியாது, மாடியும் தெரியாது, எந்தக் காலத்திலும் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

"அக்கா, வெறும் சுவருதான் இருக்கு!"

"பேசாம கையை ஆட்டுடா" என்றார் அக்கா. அவர் கண்கள் இறுக மூடியிருந்தன.

தலைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வண்டி நிறைய அன்பர்கள். எல்லோருடைய முகமும் இடது பக்கம், எல்லோருடைய கையும் மேலே. ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. தபால்காரர் கண்ணை மூடிய மூடலில் மூக்குக்கூடச் சுருங்கியிருந்தது. அந்த உச்சியில் கண்ணைத் திறந்து வைத்திருந்த முதல் ஆள் தான்தானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அதை யோசித்து முடிப்பதற்குள் மலைப்பாம்பு தலைகுப்புறப் பாய்ந்துவிட்டது. அவர் போட்ட அலறலைக் கேட்டுக் கீழே நின்றவர்கள், பிரேக் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

இறங்கியதும் தபால்காரர் கட்டிக்கொண்டார். "பார்த்தீங்களா தலைவரே? போர்வை தொங்கின இடத்தைப் பார்த்தீங்களா? எனக்கு இன்னைக்கும் அப்படியே செக்கச் செவேல்னு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு!"

மேனேஜர் பெண் பித்தளைப் பலகையைக் கொண்டுவந்து காட்டினாள். இடது பக்கம், மாடி, சிவப்புப் போர்வை, அம்மா. எல்லாம் அழகாகப் பொறித்திருந்தது. "நாளைக்கு மாட்டிடுவோம் சார். தப்பு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

தலைவர் பலகையைப் பார்த்தார், தபால்காரரின் ஈரக் கண்ணைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தார்.

"ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்மா" என்றார். "அப்படியேதான் இருக்கு."

கூட்டம் காபி குடிக்கக் கலைந்ததும் தம்பி அக்காவை இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லியிருக்கே."

"நீ ஊர் பூரா சொல்லியிருக்கே. நான் உன் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்."

"நீ என்னதான்க்கா பார்த்தே அன்னைக்கு?"

"ஒண்ணும் பார்க்கலை. ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் கண்ணைத் திறக்கலை. வெளியே வந்தா நீ குரங்கு காலைக் கட்டிக்கிட்டு மூக்கு ஒழுக நிக்கறே. 'அக்கா, என்ன தெரிஞ்சுது, என்ன தெரிஞ்சுது'ன்னு கேக்கறே. என்னத்தையாவது சொல்லணுமே."

"அதுக்குச் சிவப்புப் போர்வையா?"

"உன் மூக்கைத் துடைச்ச கைக்குட்டை சிவப்புடா. அதைப் பார்த்ததும் வாயில வந்துடுச்சு."

தம்பி அக்கா பக்கம் திரும்பினார். "அப்போ அம்மா உனக்கும் கை ஆட்டலை."

"ஆட்டலை."

அதில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பார்த்து அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டேன்னு வெளியே சொல்லிடாதே. அத்தனை வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன். பெத்தவங்க இப்போ வந்து சண்டை போடுவாங்க."

"நான் ஏறினதே இல்லைன்னு நீயும் சொல்லிடாதே."

"அதான் இன்னைக்கு ஏறிட்டியேடா."

அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. எழுந்து நின்றார். "அக்கா, இன்னொரு தடவை போலாமா?"

அக்கா கையை நீட்டிக் காட்டினார். அங்கே ஆட்கள் மலைப்பாம்பின் முதல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் மனிதர் கடையில் கலகலப்பாக இல்லை. எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றார். வந்தவர்களுக்கு முதன்முறையாகச் சரியான கண்ணாடி கிடைத்தது. வீட்டிலோ அந்தப் பழைய இருக்கையே கதி. ஒருநாள் சாயங்காலம் மனைவி எதிரே வந்து நின்றபோது, அவராகவே பேச ஆரம்பித்தார்.

"உச்சியில நிக்கும்போது வயிறு தொண்டைக்கு வந்துடும், தெரியுமா? கீழ பாஞ்சதும் காது ரெண்டும் யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். அதெல்லாம் இனிமே வருமா? அந்தக் காலம் மாதிரி வராது."

"இத்தனை வருஷத்துல தொண்டையும் காதும் உங்க கதையில வந்ததே இல்லையே. எந்தக் காலத்துல?"

"போன ஞாயித்துக்கிழமை" என்று வாயில் வந்துவிட்டது.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் பைகளோடு அவர் நின்ற அத்தனை வருடங்களும் வரிசையாகக் கண்முன் வந்திருக்க வேண்டும். கேலி செய்வார் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியோ, அந்த இருக்கையில் அதுவரை ஒருநாளும் உட்காராதவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு பேர் மடிக்கும் சேர்த்துக் கம்பியை இழுத்து இறக்கினார்.

"சரி, முதல்ல இருந்து சொல்லுங்க. இந்தத் தடவை உண்மையை."

ஸ்க்ரூடிரைவர் சமையலறையில் இருக்கிறது என்பது கதை முடிந்த பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீடு கதையின் நடுவிலிருந்தே ஜன்னலுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தது. முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு போய், அம்மாள் சொன்ன கோணத்தில் நெம்பிவிட்டது.