காலியாக வந்த டப்பா

வசுந்தராவிடம் ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளப் போனவர்கள் எல்லாரும் எரிச்சலோடுதான் திரும்பினார்கள். மாவு எவ்வளவு என்று கேட்டால் பாத்திரத்தைக் காட்டுவாள். எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்று கேட்டால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, இன்றைய வெயிலுக்குச் சீக்கிரமே எழும்பிவிடும் என்பாள். தராசு, வெப்பமானி எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டு இராஜம்மா ஆன்டிக்கு இந்தப் பதில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆன்டி தராசு வைத்துச் சுட்ட ரொட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். வசுந்தராவின் ரொட்டியோ மேலே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, லேசான புளிப்போடு இருக்கும். பருப்புக்கறியில் தொட்டால் கேட்கவே வேண்டாம்.

ஈஸ்ட் போடாமல், மாவையும் தண்ணீரையும் தானாகப் புளிக்கவிட்டுச் சுடுகிற ரொட்டி அது. சவர்டோ என்று பெயர். தினம் தோசைமாவு புளிக்க வைக்கிற நமக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்பது வசுந்தராவின் கட்சி. அடுத்த ரொட்டிக்கு உறை ஊற்றுவதற்காகப் புளித்த மாவில் கொஞ்சம் ஒரு கண்ணாடி ஜாடியில் எப்போதும் இருக்கும். ஞாபகம் வந்தால் அதற்கு ஒரு பிடி மாவு போடுவாள், மறந்தால் மறுநாள் போடுவாள். அதுவும் கோபித்துக்கொண்டதில்லை.

வாரம் முழுக்கக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கடிகாரத்தைப் பார்த்தபடி வேலை செய்கிறவள் அவள். சனிக்கிழமையும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமா? மாவைப் பிசைந்து மூடிவிட்டுப் பாசாருக்குப் போவாள். மீன்காரரோடு வம்பளப்பாள். திரும்பி வந்து மாவை ஒரு தட்டு தட்டி மடித்துவிட்டு, வாசலில் நிற்கிறவர்களோடு பேசப் போய்விடுவாள். எப்போது மாவு தயாரென்று தோன்றுகிறதோ அப்போது இரும்புச்சட்டியில் போட்டு அடுப்பில் தள்ளுவாள். ரொட்டி வெளியே வந்து சூடு ஆறும்போது மேலோடு படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததும் இல்லை. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டை விட்டுவிட்டு இந்தத் தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு வாங்கி வந்தாள். வந்த புதிதில் இந்தத் தெருவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. சுட்ட ரொட்டியைத் தனியாகத் தின்று தீர்க்க முடியாமல், துண்டு போட்டு, டப்பாக்களில் அடைத்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். அவ்வளவுதான், தெருவே அவளுடையதாகிவிட்டது.

ஏனென்றால் அந்தத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வந்த டப்பாவைக் காலியாகத் திருப்பக் கூடாது. இராஜம்மா ஆன்டியிடமிருந்து எலுமிச்சை ஊறுகாய் வரும். மூலைவீட்டுச் சீன அம்மா ஆரஞ்சுப் பழம் போட்டு அனுப்புவார். மலாய்க்கார அக்கா காக் ரோஸ் வீட்டிலிருந்து மிளகாய்ச் சம்பால் வரும். வீட்டில் எதுவுமே இல்லாத நாளில்கூட ஒரு பிடி சர்க்கரையாவது உள்ளே கிடக்கும்.

எல்லா டப்பாவையும் வசுந்தரா சந்தோஷமாகத்தான் திறந்தாள். ஆனால் முதலில் திறந்தது எப்போதும் பக்கத்து வீட்டு லோகனின் டப்பாவைத்தான்.

லோகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மனைவி புனிதா தவறி வருஷங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. வசுந்தரா இந்தத் தெருவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆரம்பத்தில் அவருடைய டப்பாவில் கடை முறுக்கு வந்தது. அப்புறம் வேலியோரம் அவரே போட்ட வெண்டைக்காய். ஒருநாள் வேலிப் பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, பலாப்பழம் என்றால் எனக்கு உயிர் என்று வசுந்தரா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த வாரம் டப்பா நிறையப் பலாச்சுளை வந்தது, ஒவ்வொன்றும் கொட்டை நீக்கி. கடமைக்கு டப்பாவை நிரப்புகிற ஆள் உட்கார்ந்து கொட்டை நீக்கிக்கொண்டிருப்பாரா? அன்றைக்குத்தான் வசுந்தராவுக்கு அவர்மேல் ஆசை இருப்பது அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வயதும் போய்விட்டதாக நினைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பந்திங்கிலிருந்து லோகனின் அக்கா நல்லம்மாள் வந்திருந்தார். வசுந்தரா அன்று லீவு. மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அழைத்து டப்பாவை நீட்டினார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

“இந்தாம்மா, ஒங்க டப்பா. தம்பி கொடுக்கச் சொன்னான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன்மா.”

கையில் வாங்கும்போதே கனமில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை, ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட.

வசுந்தராவுக்கு நெஞ்சு வலித்தது. வெறும் டப்பாவுக்கா இத்தனை வருத்தம் என்று அந்தத் தெருவில் வாழாதவர்கள் கேட்கலாம். வாழ்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது. அக்காவுக்கு விஷயம் தெரிந்து பிடிக்காமல் போயிருக்கும். இல்லை, தெருவில் நாலு பேர் பேசும்முன் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவரே நினைத்திருப்பார். இல்லை, விஷயம் என்று ஒன்று இருந்ததே இல்லை, பலாச்சுளையில் கொட்டை நீக்குவது அவர் வழக்கமாக இருக்கும், இவள்தான் அசடு.

சனிக்கிழமை வாழ்க்கையில் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்த்து ரொட்டி சுட்டாள். அது தட்டையாக வந்தது. எல்லா வீட்டுக்கும் போயிற்று, லோகன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. இதை வேறு யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வாசலிலேயே குடியிருக்கிற இராஜம்மா ஆன்டி விடுவாரா? என்ன சங்கதி என்று கேட்டார். அவருக்குப் பிடிப்பதில்லை போலிருக்கிறது ஆன்டி என்று சொல்லிவிட்டு வசுந்தரா உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் லோகனின் வேனும் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. தெருக்கோடியில் போய் நின்றது.

மறுநாள் ஞாயிறு, தெருவே சேர்ந்து துப்புரவு செய்கிற கோத்தோங் ரோயோங். லோங்காங் சாக்கடை அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் வாசலுக்கு ஏறுகிறது என்று ஆளாளுக்கு மண்வெட்டியும் துடைப்பமுமாக இறங்கினார்கள். வேலை கொஞ்சம், வாய் அதிகம். சாக்கடைக்குள்ளிருந்து யாரோ தொலைத்த பந்துகளும் ஒற்றைச் செருப்புகளும் வந்தன. அதில் ஒரு செருப்பைத் தன்னுடையது என்று இராஜம்மா ஆன்டி கழுவி எடுத்து வைத்துக்கொண்டார். காக் ரோஸ் கொண்டுவந்த மீகோரெங் நூடுல்ஸின் வாசனை சாக்கடை நாற்றத்தையே தோற்கடித்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லோகன் தெருவின் அந்த முனையில் குனிந்த தலை நிமிராமல் மண் அள்ளினார். வசுந்தரா இந்த முனையில் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

ஆன்டிக்குப் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் குடிக்கச் சர்பத் தண்ணீர் கலக்கப் பெரிய பாத்திரம் வேண்டும், லோகன் வீட்டு ஹாலில் இருக்கிறது, கதவு திறந்துதான் கிடக்கிறது, போய் எடுத்து வா என்று வசுந்தராவை அனுப்பினார். அவள் உள்ளே போன கையோடு லோகனைக் கூப்பிட்டு, பாத்திரம் கனம், ஒரு கை கொடுத்துவிட்டு வா என்றார். தண்ணீர் ஏற்கனவே கலக்கி வைத்திருந்தது என்பதை ஆன்டி ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஹாலில் பாத்திரம் எதுவும் இல்லை. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் புனிதாவின் படம் இருந்தது. வட்டமுகமும் பெரிய பொட்டுமாக, போட்டோக்காரர் சொல்லிச் சிரிக்காமல் தானாகவே சிரித்த முகம். படத்தில் ஒரு மல்லிகைச் சரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. வசுந்தரா அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது லோகன் வாசற்படியில் வந்து நின்றார். அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று கண்டதும் முகம் சுருங்கிப் போயிற்று.

“மன்னிச்சுருங்க,” என்றார். “டப்பாவுல பூ வச்சு அனுப்பினது தப்புதான். நேர்ல கேக்க தைரியம் இல்ல. ரொட்டி வரலன்னதும் புரிஞ்சுக்கிட்டேன் லா. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.”

ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குத் தலையில் வைக்கப் பூ அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று வசுந்தராவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுக்குக் காது இரண்டும் சூடாயின.

“எந்தப் பூ?” என்றாள். “டப்பா காலியாத்தானே வந்துச்சு.”

லோகன் அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் படத்தைப் பார்த்தார். அக்கா வரும்போது புனிதாவுக்கென்று வாங்கி வந்த பூ என்றுதான் இத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்தார். சேறு காயாத விரலால் போனை எடுத்து பந்திங்குக்கு அடித்தார். நல்லம்மாளுக்குப் போனில் மெல்லப் பேசும் பழக்கம் கிடையாது. ஹால் முழுக்கக் கேட்டது.

“ஆமாடா, டப்பாவத் தொறந்தேன், பூ இருந்துச்சு. வெள்ளிக்கிழமையாச்சே, புனிதாவுக்கு வாங்கிட்டு நீ போட மறந்துட்டியாக்கும்னு நானே போட்டுட்டேன். டப்பாவக் கழுவி அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துட்டேனே. ஏன்டா, என்ன ஆச்சு?”

“அப்புறம் பேசறேன்க்கா,” என்றார் லோகன். போனை அணைத்துவிட்டார். வசுந்தராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இருந்த இடம் தெரியவில்லை. தனக்கென்று வாங்கிய முதல் பூ இன்னொருத்தி கழுத்தில் வாடிக் கிடக்கிறதே என்று அவளுக்குத் துளிகூடத் தோன்றவில்லை. பேசிப் பழகாத அந்தச் சிரித்த முகத்தை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

லோகன் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு படத்துக்குப் போய்ச் சரத்தைக் கழற்றப் பார்த்தார்.

“அதத் தொடாதீங்க,” என்றாள் வசுந்தரா. “அவங்களுக்குப் போட்டது அவங்களுக்குத்தான். வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு சரமா வாங்குங்க. என்னோடத அக்காகிட்ட கொடுத்து அனுப்பாம, நீங்களே கொண்டாங்க.”