இடப்பக்கம் திரும்பிய பேருந்து

நெற்றியில் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொதிக்கவில்லை. ஆனால் சூடு இருந்தது.

"என்னங்க, இவளைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

கணவன் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, மகளின் கழுத்தைத் தொட்டான். "லேசாத்தான் இருக்கு. போர்வைச் சூடு."

"போர்வைச் சூடு எனக்குத் தெரியாதா?"

"அப்ப லீவு போடு."

அவன் அதைக் கடுப்பாகச் சொல்லவில்லை. கெட்டவனும் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மற்றவர்கள் மாட்டிக்கொண்டால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவன். ஆனால் வீட்டில் ஒருவர் தங்க வேண்டும் என்றால் அந்த ஒருவர் அவள்தான் என்பது அவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அல்ல. குழாயடியில் பாசி படிவதுபோல் அது தானாகப் படிந்துவிட்டது.

அவளுக்கு லீவு மிச்சம் இல்லை. பெரியவனின் காதுவலிக்குக் கொஞ்சம், சின்னவளின் அம்மைக்குக் கொஞ்சம் என்று எல்லாம் கரைந்துவிட்டது. அதனால் அடுப்படிக்குப் போனாள். முட்டை வெந்துகொண்டிருக்கும்போதே பெரியவனின் சட்டையைத் தேய்த்தாள். சட்டை ஆறுவதற்குள் இரண்டு டப்பாக்களிலும் சோற்றை அடைத்தாள்.

"மாத்திரை பாதி உடைச்சு வெச்சிருக்கேன். எழுந்ததும் பால்ல குடுங்க. ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டா உடனே எடுங்க."

"எடுக்காம இருப்பேனா? இதெல்லாம் நீ சொல்லணுமா?"

"சொல்லலேன்னா, 'சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே'ன்னு சொல்வீங்க."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இருட்டு விலகாத தெருவில் இறங்கினாள்.

அவள் நகரப் பேருந்தின் ஓட்டுநர். டிப்போவில் எல்லோரும் ஆசைப்படுவது காலை டூட்டிக்குத்தான். விடியும் முன் வண்டியை எடுத்தால் பிற்பகலில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டுக் கதவு திறந்திருக்கும். அது கிடைக்காதவர்களுக்குத் துண்டு டூட்டி: காலையில் கொஞ்சம், பிறகு நடுவில் வெட்டியாக ஓர் இடைவெளி, மாலையில் விளக்கு போட்ட பிறகும் கொஞ்சம். பெரியவன் பள்ளியில் சேர்ந்த ஆண்டிலிருந்து துண்டு டூட்டியே பார்த்து, பூட்டிய வீட்டின் வாசலில் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்து காத்திருந்து, போன மழைக்காலத்தில்தான் அவளுக்குக் காலை டூட்டி கிடைத்தது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு விதியை மறக்கக் கூடாது. குறித்த பாதையை விட்டு வண்டி விலகினால் டூட்டி கைமாறிவிடும்.

இருக்கையில் அமர்ந்து, "கடவுளே, ஏறினவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கணும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு போனை அணைத்து நடத்துநரிடம் கொடுத்தாள். ஓட்டுநரிடம் போன் இருக்கக் கூடாது.

நடத்துநரை எல்லோரும் வானொலி என்பார்கள். வாய்க்கு ஓய்வு தேவைப்பட்டால்தான் விசில் ஊதுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

"என்ன தங்கச்சி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பேய் எங்கண்ணே வந்துச்சு. வந்திருந்தா ரெண்டு பாத்திரம் கழுவச் சொல்லியிருப்பேன்."

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா? ஆனா அது என்னைத்தான் கழுவச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே விசில் ஊதினார்.

முதல் நடை நன்றாகவே போனது. இரண்டாவது நடையில் கூட்டம். முன் இருக்கையில் வழக்கம்போல் கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். ஏதோ அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணியைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அவருக்குப் பின்னால், துணி மூட்டையை மடியில் வைத்தபடி ஒரு தையல்காரம்மா.

அவளுடைய கைகள் ஓட்டின. மனம் மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. இந்நேரம் பாலைக் குடித்திருப்பாளா? பாலோடு மாத்திரையைக் கொடுத்தாரா, தண்ணீரில் கொடுத்து அவள் துப்பிவிட்டாளா? சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப்போவதற்குள் அரிசி ஊறவைக்க வேண்டும். பெரியவனுக்கு வரைபடத்தாள் வாங்க வேண்டும். நேற்றும் மறந்தாயிற்று.

தண்ணீர்த் தொட்டிச் சந்திப்பில் வண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டூட்டி முடிந்து தன் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருகிறபோது அவள் அங்கே இடப்பக்கம் திரும்புவாள். அன்று விளக்கு பச்சையானதும் அவள் கை இடப்பக்க விளக்கைப் போட்டது, கண்ணாடியைப் பார்த்தது, ஒழுங்காகவும் அழகாகவும் அந்தப் பெரிய வண்டியைத் திருப்பியது. ஒரு பிழையும் இல்லாத திருப்பம். தெரு மட்டும்தான் தவறு.

இரண்டு பக்கமும் மதில். ஓரமெல்லாம் நிறுத்திய வண்டிகள். எதிரே தெரிந்த நீல நிறக் கதவு, மகளின் பள்ளிக்கூடம்.

அவள் பிரேக்கை மிதித்தாள்.

பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: "டிரைவரம்மா, உங்க வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"விருந்துன்னா எனக்கு ஜன்னல் சீட்டு" என்றது இன்னொரு குரல். சிரிப்பு பரவியது.

கடிகாரக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, தூக்கத்துல ஓட்டுறியா? எனக்கு ஆபீஸ்ல யாரு பதில் சொல்றது?"

அவள் திரும்பினாள். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். "மன்னிச்சிருங்க. எம்பொண்ணுக்குக் காலையில உடம்பு சுட்டுச்சு. இந்த ஸ்கூல்லதான் படிக்கிறா. நான் எங்க போறேன்னே தெரியாம வந்துட்டேன்." சொல்லி முடிக்கையில் குரல் தேய்ந்துபோனது. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

தையல்காரம்மா துணி மூட்டையைக் கடிகாரக்காரரின் மடியில் வைத்தாள். அவரைக் கேட்கவே இல்லை. "நீ எறங்காத தாயி, வண்டியப் பாத்துக்கோ. நான் ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வரேன். பிள்ளை எந்த வகுப்பு?"

"ஒண்ணாங் கிளாஸ். பட்டாணின்னு கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்."

போனவள் பள்ளிக் காவலாளியோடு திரும்பினாள். ஓட்டுநர் இருக்கையில் பட்டாணியின் அம்மாவைப் பார்த்ததில் காவலாளிக்கு அப்படி ஒரு நிம்மதி. "எப்படிம்மா அதுக்குள்ள வந்தீங்க? பிள்ளை ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சு. ஆபீஸ் பெஞ்சுல படுக்க வெச்சிருக்கோம். உங்க போனும் அணைஞ்சிருக்கு, அவங்கப்பா போனும் போகல."

லிஃப்ட் கூண்டுக்குள் இறங்கியவனுக்கு எந்தச் சிக்னல் கிடைக்கும்?

கடவுள்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினார் என்று நான் சொல்லவரவில்லை. களைப்புதான் திருப்பியது. அதில் இத்தனை பேருடைய நேரமும் போனது. ஆனால் தவறான தெருவில் மாட்டிக்கொண்டவளை அந்த வண்டியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கும்போது, கடவுள் அங்கே இல்லாமலும் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது.

டீச்சர் குழந்தையைத் தூக்கிவந்து தாயின் கையிலேயே கொடுத்தார். கூட்டத்தில் இருந்த தடிமனான ஒருவர் இறங்கி, குறுக்கே நின்ற இருசக்கர வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்தார். வானொலி முன்னால் ஓடிப் போக்குவரத்தை மறித்தார். வண்டியைப் பின்னால் எடுக்கப் பின்பக்கம் நின்று யார் வழி சொல்வது என்றபோது, கடிகாரக்காரர் துணி மூட்டையோடு இறங்கினார்.

"வரட்டும், வரட்டும். கொஞ்சம் வலது. நில்லு. மதிலு இடிக்கும்னு சொல்றேன்ல. ம், வரட்டும்." சந்திப்புவரை வேர்த்து விறுவிறுக்க அவரே வழிகாட்டினார். ஏறியதும் மூட்டையைத் தையல்காரம்மாவிடம் நீட்டி, "நாளைக்கு நான் முந்தின பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றார். அதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, தையல்காரம்மாவின் மடியில் படுத்திருந்த குழந்தையின் நெற்றியில் போட்டதும் அவர்தான்.

தான் இறங்க வேண்டிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தையல்காரம்மா இறங்கவில்லை. குழந்தையை மடியில் வைத்தபடி டிப்போ வரைக்கும் வந்தாள்.

அங்கே மேனேஜர் திரையின் முன் உட்கார்ந்திருந்தார். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போகும்போது வானொலி அவளுக்கு முந்திக்கொண்டார்.

"ரோட்டுல குழி வெட்டிப் போட்டுட்டாங்க சார். சுத்திக்கிட்டு வரப் பாத்தோம், மாட்டிக்கிச்சு."

மேனேஜர் அவரையும் அவளையும் பார்த்தார். நம்ப ஆசைப்படுகிற முகம். "குழியா? எந்த இடத்துல? பின்னாடி வர்ற வண்டிக்குச் சொல்லிடுறேன், வேற வழியா வரட்டும்" என்று மைக்கை எடுத்தார்.

அவளுக்கு அந்தத் தெரு கண்முன் வந்தது. மதிலும், ஓரத்து வண்டிகளும், மணி அடித்தால் ஓடிவரும் பிள்ளைகளும். பொய்யை நம்பி இன்னொரு ஓட்டுநர் எந்தச் சந்தில் போய் மாட்டுவாரோ. தோளில் குழந்தை சூடாக மூச்சு விட்டது. காலை டூட்டி என்பது இந்தக் குழந்தைக்குத் திறந்திருக்கும் கதவு. அதைத் தன் வாயாலேயே மூட வேண்டியிருந்தது.

"குழி இல்ல சார். அண்ணன் எனக்காகச் சொல்றாரு. நான்தான் தப்பாத் திரும்பிட்டேன். நினைப்பு வேற எங்கேயோ இருந்துச்சு."

வானொலி விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் மைக்கைக் கீழே வைத்தார். "நேத்து எவ்வளவு தூங்கினீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உண்மையைச் சொன்னதுக்காக விதியை மாத்த முடியாதும்மா. காலை டூட்டிக்கு நாலு பேரு நிக்கிறாங்க. திங்கள்ல இருந்து உங்களுக்குத் துண்டு டூட்டிதான். ஆனா அதுவரைக்கும் வரக் கூடாது. லீவுல கழிக்க மாட்டேன், என் பொறுப்பு. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. தூங்காம என் வண்டியைத் தொடாதீங்க."

பிற்பகலில் கணவன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தான். கூண்டைவிட்டு மேலே வந்ததும்தான் அழைப்புகளைப் பார்த்திருக்கிறான். டாக்டர் கொடுத்த மருந்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே தரையில் அவள் படுத்திருந்தாள்.

நடந்ததை எல்லாம் அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீ காலையிலேயே அழுத்திச் சொல்லியிருந்தா நான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"சொல்றதும் ஒரு வேலைதாங்க. பாத்திரம் கழுவுற மாதிரி. அதுவும் நானேதான் செய்யறேன்." அவள் கூரையைப் பார்த்தபடி பேசினாள். "திங்கள்கிழமையில இருந்து சாயங்காலம் நான் இருக்க மாட்டேன். என்ன செய்யலாம்னு நான் யோசிக்கப்போறது இல்ல. எனக்கு யோசிக்கவும் சக்தி இல்ல."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கைகளில் கிரீஸ் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து வெளியே போனான். வாசலில் அவன் முதலாளியோடு போனில் பேசுவது கேட்டது. முதலில் கெஞ்சினான். பிறகு, "இல்லண்ணே, எம்பொண்டாட்டிக்கு ஒத்தாசையா இல்ல. சாயங்காலம் எம்பிள்ளைங்களுக்கு நான் இருக்கணும்" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள்.

திங்கள்கிழமை மாலை. கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதற்குச் சற்று இடைவெளி இருந்தது. பயணிகள் இறங்கிப் போய்விட்டார்கள். வானொலி அவள் கேட்காமலே போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, தூரப்போய் நின்றுகொண்டார்.

கணவன் எடுத்தான். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"அடேய், அதைக் கீழ வை. ஹலோ? ஒண்ணுமில்ல, சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு. கஞ்சின்னு பேர் மாத்திக் குடுத்துட்டேன்."

"அம்மா, அப்பா எனக்கு ஜடை போட்டாரு, வயர் முறுக்குற மாதிரி" என்று சின்னவளின் குரல் கேட்டது.

மாத்திரை கொடுத்தீர்களா, பால் வாங்கினீர்களா, பெரியவன் படிக்கிறானா: எல்லாக் கேள்விகளும் நாக்கு நுனிவரை வந்தன. அவள் ஒன்றையும் கேட்கவில்லை.

"சரி. நான் ஒன்பதரைக்கு வரேன்" என்றாள்.

"மெதுவா வா" என்றான் அவன்.

கால்கள் வலித்தன. இன்னும் ஒரு நடை பாக்கி இருந்தது. போனை அணைத்து வானொலியிடம் நீட்டிவிட்டு, ஏறக் காத்திருந்தவர்களுக்காகக் கதவைத் திறந்தாள்.